சாமி அந்தத் தண்ணீரைக் குடித்தாரா?

துடியலூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் வண்டித்தடத்தில் நாலு மைல் நடந்தால் கிளுவம்பாளையம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது இயேசு வேதத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால், கோயமுத்தூர்ப் பாதிரியாரைத் தேடிக்கொண்டு போக மாட்டார்கள். பூவாத்தாளைத்தான் கேட்பார்கள். பாதிரியார் நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்லுவார், மூன்றும் புரியாது. பூவாத்தாள் ஒரு பதில்தான் சொல்லுவாள். அதுவும் இல்லையென்றால் "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள்.

அந்த முடிச்சு அவளுடைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பழகியது. பதில் தெரியாத கேள்வி ஒன்றுக்கு ஒரு முடிச்சு. சனிக்கிழமை துடியலூரில் ரயிலேறிக் கோயமுத்தூருக்குப் போய், மிஷன் பள்ளிக்கூடத்து வெங்கடம்மாள் டீச்சரிடம் ஒவ்வொரு முடிச்சாகக் கேட்டு அவிழ்த்துக்கொண்டு வருவாள். சில வாரம் முந்தானை முழுக்க முடிச்சாக இருக்கும். "சீலை கிழியறதுக்குள்ள வந்து சேந்தியே" என்று டீச்சர் சிரிப்பார்.

பூவாத்தாள் பண்ணையத்துக் கூலிக்காரி. புருஷன் காலராவில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. தம்பி மயில்சாமி குடும்பத்தோடு, ஊர் தள்ளி வைத்திருந்த சனங்களின் வளவில் ஒரு குடிசை. அந்த வளவுக்கு எப்போதாவது வரும் ஐயாசாமி உபதேசியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேதக் கதை சொல்லுவார். வளவே கேட்டது, ஆனால் கேட்டதை மறக்காமல் வைத்துக்கொண்டவள் பூவாத்தாள் ஒருத்திதான். உபதேசியார் காலமான பிறகு அந்தக் கதைகளெல்லாம் அவள் வாயில்தான் உயிரோடு இருந்தன. களை வெட்டும்போதும் பருத்தி எடுக்கும்போதும் சொல்லுவாள். எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொன்னது பண்ணைக்காரர் ஆறுச்சாமிக் கவுண்டரின் சேந்து கிணற்றடியில்.

அந்தக் கிணற்றடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடுகிற மாதங்களில் வாய்க்காலில் மொண்டுகொள்ளலாம். பங்குனி பிறந்து கவலை நின்றுவிட்டால் வளவுக்குக் குடிதண்ணீர் இந்தச் சேந்து கிணறு ஒன்றுதான். ஆனால் வளவுப் பெண்கள் கிணற்று மேட்டில் கால் வைக்கக் கூடாது. வாளியையும் கயிற்றையும் தொடக் கூடாது. குடங்களைக் கீழே வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கவுண்டர் வீட்டிலிருந்து யாராவது வந்து சேந்தி, குடத்தில் வாளி படாமல் உயரத்திலிருந்து ஊற்றினால் உண்டு. இப்போது எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு அது வழக்கம். யாருக்கும் கூசவில்லை, கூசியவர்களும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஊற்றுகிறவர் கவுண்டரின் மனைவி குழந்தையம்மாள். காலைச் சோற்றுக்கு அப்புறம் வாளியும் கயிறுமாக வருவார். முடிந்ததும் இரண்டையும் சுருட்டித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். காக்க வைக்கிற ஆள் இல்லை. கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். ஊற்றிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"ஏம்புள்ள பூவாத்தா, ஆதாமுக்கு ரெண்டு பசங்க. அதுல ஒருத்தன் இன்னொருத்தன அடிச்சுக் கொன்னுபோட்டான். மிச்சமிருந்தவன் எந்தக் கூட்டத்துல பொண்ணெடுத்தான்?"

உலகத்தில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். ஆனால் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்க ஒரு கொங்குக் கவுண்டச்சியால்தான் முடியும். பூவாத்தாள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஆதாமுக்கு வேறு மகன்களும் மகள்களும் உண்டு என்று டீச்சர் சொன்னதைத் திங்கட்கிழமை கொண்டுவந்து சேர்த்தாள். குழந்தையம்மாள் வாளியைப் பாதிக் கிணற்றில் நிறுத்திவிட்டார்.

"அப்ப கூடப்பொறந்தவளையா கட்டுனான்? சீச்சீ! அந்த எடத்த மட்டும் எங்க ஊட்டுப் பொண்டுகளுக்குச் சொல்லிப்போடாத."

இன்னொரு நாள்: "உங்க சாமி சாமிதானே? அப்பறம் எதுக்குச் செத்தாரு? தப்பிச்சுப் போயிருக்கலாமல்ல?"

"தப்பிக்கத் தெரியாமயில்லீங்க கவுண்டச்சிங்க. புள்ள கெணத்துல உழுந்துட்டா தாயி நின்னு ரோசன பண்ணிக்கிட்டா இருப்பா? குதிச்சுப்போடுவாளுங்க. அது மாதிரிதானுங்க."

அந்தப் பதிலுக்கு அன்றைக்கு ஒரு குடம் கூடுதலாகக் கிடைத்தது.

விளையாட்டில்லாத கேள்வியும் ஒன்று வந்தது. குழந்தையம்மாளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள், பெரியம்மையில் போய்விட்டாள். அவளைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. ஒருநாள் கடைசிக் குடத்துக்கு ஊற்றும்போது, கிணற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ற புள்ள உங்க ஞானஸ்நானம் வாங்குல. உங்க சாமிய அதுக்குத் தெரியாது. உங்க வேதப்படி அது இப்ப எங்க இருக்குது?"

வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார், பூவாத்தாளும் கேட்டிருக்கிறாள். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் நரகம்தான் என்ற கல் மாதிரியான பதில். அது அவள் நாக்கு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க கவுண்டச்சிங்க. தெரியும்னு சொன்னாப் பொய்யிங்க. ஆனா கொழந்தைகள அண்ட விடாம முடுக்குனவங்களத் திட்டுனவரு அவரு. உங்க கண்ண மட்டும் வாசல்லயா நிக்க வெச்சிருப்பாரு?"

குடம் நிரம்பி வழிந்து மண்ணில் ஓடியது; குழந்தையம்மாள் ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று இருந்தது. அதற்குச் சிநேகிதம் என்று பெயர் வைக்க அந்த ஊரில் இடமில்லை.

அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கதை கிணற்றுக் கதை. பூவாத்தாள் சொன்னது இப்படி: தள்ளி வைக்கப்பட்ட சாதிக்காரி ஒருத்தி, உச்சி வெயிலில் வெறுங்குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். தண்ணீர் ஊற்ற யாருமில்லை. தாகத்தில் நின்றாள். அந்த வழியாக வந்த இயேசுசாமி இரக்கப்பட்டு, தானே சேந்தி அவள் குடத்தை நிரப்பினார்; இனிமேல் உனக்குத் தாகமே எடுக்காத தண்ணீர் தருகிறேன் என்றார்.

"பாத்தியா! நாஞ் செய்யறதத்தான் உங்க சாமியும் செஞ்சிருக்காரு" என்று குழந்தையம்மாளுக்குப் பூரிப்பு. கதை கேட்ட வருஷத்திலிருந்து குடங்கள் கழுத்து வரைக்கும் நிரம்பின. மத்தியானத்திலும் ஒரு தரம் வந்து ஊற்றினார். அந்தக் கதையால் வளவுக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர: கதை தப்பு.

அது தெரிந்தது 1936-ஆம் வருஷம் பங்குனியில். ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லும் பெண்களுக்குப் பைபிள் ஸ்திரீ என்று பெயர். பூவாத்தாளையும் அப்படி நியமிக்க மிஷனில் யோசித்தார்கள். அதற்காகவே இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வெங்கடம்மாள் டீச்சர் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து வந்தார். முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பது லேசில்லை. கல்லுக்காட்டில் ஏர் ஓட்டுவது போலத்தான். நியமனத்துக்கான பரீட்சையன்று டீச்சர் வேதப் புத்தகத்தைத் திறந்து, அவளுக்குப் பிடித்த கிணற்றுக் கதையாகவே பார்த்துக் கொடுத்தார்.

பூவாத்தாள் விரல் வைத்துப் படித்தாள். பாதியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"டீச்சருங்க, அச்சுல தப்பாப் போட்டிருக்குதுங்க."

"எங்கே?"

"இங்கீங்க. சாமி அவகிட்டத் தண்ணி கேட்டாருன்னு இருக்குது. அவளல்லங்க கேட்டிருக்கோணும்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "அச்சு சரிதான், பூவாத்தா. களைச்சுப்போய் உட்கார்ந்திருந்தவர் அவர். கேட்டவரும் அவர். குடம் இருந்தது அவள் கையில்."

உபதேசியார் சரியாகத்தான் சொல்லியிருப்பார். கேட்ட காதுக்குத்தான் அது ஏறவில்லை. கிணற்றடியில் கேட்டு நிற்பது யார், கொடுப்பது யார் என்பது பூவாத்தாளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதற்கு மாறாக ஒரு கதை இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? தனக்குத் தெரிந்த கிணற்றையே கதைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மூன்றாம் தரம் படித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் இல்லை. தன்னைப் போல ஒருத்தியிடம் சாமி கை நீட்டியிருக்கிறார், அது இத்தனை நாள் தனக்கே தெரியவில்லை என்று அழுதாள். "நல்லாருக்குதுங்க டீச்சருங்க, நல்லாருக்குது" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். "கேட்டாரு, சரிங்க. அவ குடுத்தாளா? சாமி அந்தத் தண்ணியக் குடிச்சாரா?"

டீச்சர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "எழுதியில்லை" என்றார்.

பூவாத்தாள் ஒரு முடிச்சோடு வீடு திரும்பினாள். பரீட்சையில் தேறியிருந்தாள், அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ரயிலில் வரும்போதே வேறொரு கேள்வி வந்துவிட்டது. குழந்தையம்மாளிடம் என்ன சொல்லுவது?

மயில்சாமிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "ஏனக்கா, உனக்கென்ன கிறுக்கா? உன்ற சாமி நம்ம மாதிரிப் பொம்பள கையில தண்ணி கேட்டாருன்னு கவுண்டச்சிகிட்டப் போய்ச் சொல்லுவியா? நாஞ் சொல்றேன், அன்னியோட தண்ணி நின்னுபோகும். ஓடப்பள்ளத்துல ஊத்துத் தோண்டிக் கிட, நல்லாக் கிட. கதைய இருந்தபடி உட்டுப்போடு."

அவன் சொன்னதில் தப்பில்லை. பதினெட்டுக் குடும்பத்துத் தண்ணீர். சித்திரை வெயில் வேறு வருகிறது. பூவாத்தாள் கோழைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்காதவரைக்கும் பொய்யில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சித்திரையில் குழந்தையம்மாளின் தங்கை முத்தாத்தாள் அவிநாசியிலிருந்து வந்தார். அக்காள் அவரைக் கிணற்றடிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பூவாத்தா, அந்தக் கெணத்துக் கதையச் சொல்லு. என்ற தங்கச்சி கேக்கோணும். நம்மளாட்டவே உங்க சாமி தண்ணி சேந்தி ஊத்துனாருன்னு சொன்னா இவ நம்பமாட்டீங்கறா."

குடங்கள் வரிசையாகக் காலியாக இருந்தன. வளவுப் பெண்கள் பூவாத்தாளின் முகத்தையே பார்த்தார்கள். பழைய கதையைச் சொன்னால் அத்தனையும் நிரம்பிவிடும்.

"கவுண்டச்சிங்க, நான் அந்தக் கதையத் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதப்பச் சொன்னதுங்க. இப்ப நானே படிச்சேன். சாமி அவளுக்கு ஊத்துலீங்க. சாமிதானுங்க அவகிட்டத் தண்ணி கேட்டாரு. உங்க சனம் எங்க கையில வாங்கமாட்டாங்களே, எப்புடிக் கேக்கறீங்கன்னு அவளே கேட்டாளுங்க. மொள்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமில்ல, கெணறு ஆழம்னும் சொன்னாளுங்க. அதுக்கு அவரு..."

"போதும் நிறுத்து!" என்றார் முத்தாத்தாள். "அக்கா, இவ என்ன சொல்றான்னு தெரியுதா? இவ கையில நாம வாங்கிக் குடிக்கோணுங்கறா. நீ ஊத்தி ஊத்தி வளத்து உட்டிருக்கற பாரு!"

குழந்தையம்மாள் தங்கையைப் பார்க்கவில்லை. முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷப் பூரிப்பை நாலு பேர் நடுவில் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"குடிச்சாரா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதலீங்க."

அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். வாளியை எடுத்தார். ஒரு குடம்கூட நிரம்பாமல் போய்விட்டார்.

ஐந்து நாள் வரவில்லை. வளவுப் பெண்கள் ஒன்றரை மைல் தள்ளி ஓடைப்பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு சேறு கலந்த தண்ணீர் கொண்டுவந்தார்கள். பூவாத்தாளைத் திட்டாதவர்கள் பாக்கியில்லை. மயில்சாமி பேச்சையே நிறுத்திவிட்டான். அவள் தன் பங்குக்கு நாலு நடை கூடுதலாக நடந்து, நடக்க முடியாதவர்கள் குடிசையில் ஒரு குடம் ஒரு குடமாக வைத்துவிட்டு வந்தாள். சரியாகச் சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை; நாலு வருஷம் தப்பாகச் சொன்னதற்காக வருத்தப்பட்டாள். இன்னொன்றும் இருந்தது. அந்தக் கேள்விகள் இல்லாத காலை அவளுக்கு வெறிச்சென்றிருந்தது.

ஆறாம் நாள் குழந்தையம்மாள் வந்தார். தங்கை ஊருக்குப் போயிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சேந்தினார், ஊற்றினார், போனார். குடங்கள் நிரம்பின; கேள்வி மட்டும் இல்லை. வைகாசி பாதி வரைக்கும் இப்படியே ஓடியது.

ஒருநாள் மற்றப் பெண்களெல்லாம் குடத்தை எடுத்துக்கொண்டு போனபின், பூவாத்தாளுடையது மட்டும் மிச்சம். குழந்தையம்மாள் வாளியைக் கிணற்று விளிம்பில் வைத்தார்.

"நீ பழைய கதையவே சொல்லீருந்தா அன்னிக்குத் தண்ணி வாங்கீட்டுப் போயிருக்கலாம். ஏம்புள்ள சொல்லுல?"

"உங்க புள்ளையப் பத்திக் கேட்டீங்களே, அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லுலீங்க கவுண்டச்சிங்க. அதே வாயிதானுங்க இது. இதுல ஒரு பொய்யச் சொன்னா, அன்னிக்குச் சொன்னதும் பொய்யாப் போயிருமுங்க."

குழந்தையம்மாள் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நீ கதைய முடிக்குலியே. அப்பறம் அந்தப் பொம்பள என்ன பண்ணுனா?"

கேள்வி திரும்பி வந்துவிட்டது. "அவரு அவளோட பாடெல்லாம் எடுத்துச் சொன்னாருங்க. அவளுக்குத் தாங்க முடியல. கொடத்த அங்கயே வெச்சுப்போட்டு, வந்து பாருங்கன்னு சொல்ல ஊருக்குள்ள ஓடுனாளுங்க."

"கொடத்த உட்டுப்போட்டா ஓடுனா?"

"ஆமாங்க. அப்புடித்தான் எழுதியிருக்குதுங்க."

குழந்தையம்மாள் யோசித்தார். வேதத்தை ஒரு எழுத்துக்கூடப் படிக்காதவர். ஆனால் குடத்தையும் கிணற்றையும் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"ஏம்புள்ள, எந்தப் பொம்பள கொடத்தக் கெணத்துமேட்டுல உட்டுப்போட்டுப் போவா? ஊடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் இடுப்புல எடுத்துக்கிட்டுத்தான் ஓடுவா. அவரு குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு, பூவாத்தா. ஒரு மனுசன் தாகத்துக்கு வாயில வெச்சிருக்கறதப் புடுங்கீட்டா போவா? அதனாலதான் வெச்சுப்போட்டுப் போயிட்டா."

டீச்சருக்குத் தெரியவில்லை, பாதிரியாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. பூவாத்தாள் குனிந்து முந்தானை நுனியை எடுத்தாள். இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த முடிச்சு லேசில் வரவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

பின்னால் அவள் பதினாறு வருஷம் பைபிள் ஸ்திரீயாக இருந்தாள். சத்தியமங்கலம் வரைக்கும் நடந்தாள். கிணற்றுக் கதையைச் சொல்லாத ஊரில்லை. குடம் இருந்த இடம் வந்ததும் மறக்காமல் பிரித்துச் சொல்லுவாள்: "இதுவரைக்கும் புஸ்தகத்துல இருக்குதுங்க. சாமி குடிச்சாருங்கறது கெளுவம்பாளையத்துக் குழந்தையம்மாக் கவுண்டச்சி சொன்னதுங்க. அவங்க நல்லா இருக்கோணும்." தினமும் ஜெபத்திலும் அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுவாள். தான் வேதம் சொல்லிக்கொடுக்கப் போய், தனக்கு வேதம் சொல்லிக்கொடுத்த ஒருத்தியைக் கர்த்தர் கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்தாரே என்ற நன்றி அது, சாகிறவரைக்கும் குறையவில்லை.

அந்த வைகாசிக் காலையில் குழந்தையம்மாள் இன்னொன்றும் செய்தார். பூவாத்தாளின் குடத்துக்கு ஊற்றவில்லை. வாளியையும் சுருட்டாத கயிற்றையும் விளிம்பில் இருந்தபடியே விட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கினார்.

"எனக்குத் தோளு வலிக்குது. இனிமேல் இது இங்கயே கெடக்கட்டும். வேணுங்கறவங்க வந்து சேந்திக் குடிங்க."

"கவுண்டச்சிங்க, கவுண்டரய்யன் கேட்டா..."

"கேட்டாத் தோளு வலின்னு சொல்லிக்கறேன். உனக்கெதுக்கு அந்தக் கவல?"

திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்துவிட்டார். கவுண்டர் முணுமுணுத்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அந்த வீட்டோடு பேச்சை விட்டார்கள், ஊர் ஒன்றும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஆனால் வாளி அங்கேயே கிடந்தது.

பூவாத்தாள் கிணற்று மேட்டில் ஏறினாள். பிறந்தது முதல் இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், முதல் தரமாக விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் சாமியிடம் சொன்னது சரிதான். கிணறு ஆழமாகத்தான் இருந்தது.